சின்ன அறையில் பிறந்த பெரிய சங்கீதம்: தெரியுமா உங்களுக்கு?

ராயப்பேட்டையில் டி.டி.கே. சாலையும் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையும் சந்திக்கும் முனை. ‘மியூசிக் அகாடமி சிக்னல்’ என்று சொன்னால் போதும், எந்த ஆட்டோக்காரரும் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அங்கே நிற்கும் அந்தப் பெரிய மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டியவர் நேரு. நாள், 1955 அக்டோபர் 5. இது பலருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் 1962 டிசம்பர் 20 அன்று அதைத் திறந்துவைத்தவர் யார் தெரியுமா?

மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார்! ராஜா என்பதற்காகக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ‘ஸ்ரீவித்யா’ முத்திரை வைத்து 94 கீர்த்தனைகள் இயற்றிய வாக்கேயக்காரர் அவர். இன்னொரு பக்கம் பியானோவில் ஊறியவர். 1945-ல் லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியின் பட்டயம் பெற்றவர். நிக்கோலாய் மெட்னர் என்று ஒரு ரஷ்ய இசையமைப்பாளர், சொந்த நாட்டை விட்டு வந்து லண்டனில் நோயும் வறுமையுமாக இருந்தார். அவருடைய படைப்புகளை இசைத்தட்டில் பதிவு செய்யப் பணம் கொடுத்தது மைசூர் அரண்மனை! நன்றி மறக்காத மெட்னர் தன்னுடைய மூன்றாவது பியானோ கன்செர்ட்டோவை மகாராஜாவுக்கே அர்ப்பணித்தார். இது மட்டுமா? ஜெர்மனியின் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் எழுதிய ‘கடைசி நான்கு பாடல்கள்’ 1950 மே 22 அன்று லண்டனில் முதன்முதலாக அரங்கேறின. அந்தக் கச்சேரிக்கும் கை கொடுத்தவர் இவர்தான். கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் பாட, ஃபர்ட்வாங்லர் இசைக்குழுவை நடத்த, மைசூரில் இருந்த ஒரு மனிதரின் ஆசையில் அது நடந்தது. அந்த மனிதரின் கைதான் ராயப்பேட்டையில் கதவைத் திறந்துவிட்டது. அடுத்த முறை அந்த வாசற்படி ஏறும்போது இதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும்.

சரி, ஏறத்தாழ 1,600 பேர் உட்காரும் மண்டபம். ஆனால் அங்கே ஒலிக்கிற சங்கீதம் இவ்வளவு பெரிய இடத்துக்காகப் பிறந்ததே இல்லை. அது பிறந்தது திண்ணையிலும் கூடத்திலும் பூஜை அறையிலும். வீணை தனம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1867-ல் பிறந்து 1938-ல் மறைந்தவர். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டுச் சின்ன அறையில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வீணை வாசிப்பார். மைக் கிடையாது, மேடை கிடையாது. பெரிய பெரிய வித்வான்கள் தரையில் உட்கார்ந்து, இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்பார்கள். வீணை அப்படிப்பட்ட வாத்தியம். மீட்டிய உடனே நாதம் தேயத் தொடங்கிவிடும். அது தேய்ந்து மறைவதற்குள் தந்தியை இழுத்து, கமகத்தை அதற்குள்ளேயே வைத்துத் தைக்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும் என்கிறது பௌதிகம். இரண்டாவது வரிசைக்கு வருவதற்குள் அந்தக் கடைசி இழையில் பாதி போய்விடும். அதனால்தான் அந்த அறை சின்னதாக இருந்தது, அதனால்தான் அவ்வளவு நிசப்தம்.

அந்த அறையில் கேட்டு வளர்ந்த பேத்திகள்தான் பிருந்தாவும் முக்தாவும் பாலசரஸ்வதியும். அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் 1973-ல் நடனமாடிய பாலசரஸ்வதிக்கு, 1976-ல் பிருந்தாவுக்கு, 1988-ல் பாலசரஸ்வதியின் தம்பி புல்லாங்குழல் விஸ்வநாதனுக்கு. ஒரே வீட்டின் ஒரு சின்ன அறையிலிருந்து மூன்று சங்கீத கலாநிதிகள்!

வீணைக்கு அடுத்து வயலினுக்கு வருவோம். கர்நாடக சங்கீதம் என்றதும் கண்ணுக்கு முன் வருவது வயலின் பக்கவாத்தியம். அது எங்கிருந்து நம்மிடம் வந்தது தெரியுமா? ராயப்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து! முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் முதலியார் ஒருவரின் ஆதரவில் இருந்த காலம். கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் சகோதரர்களுக்குக் கிடைத்தது. அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். இன்றைக்கும் பாட்டு கிளாஸில் குழந்தைகள் உற்சாகமாகப் பாடும் நோட்டுஸ்வரங்கள் அவைதான். அதில் ஒன்று இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு! தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஒரு படி மேலே போய் அந்த வயலினையே கற்றுக்கொண்டு வந்துவிட்டார்.

கற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை நம் முன்னோர்கள். வாத்தியத்தையே நம் வழிக்குக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பியர் தோளில் தாங்கி நின்று வாசிப்பார்கள். நாம் சப்பணம் கட்டி உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் சாய்த்துக்கொள்கிறோம். ஏன்? இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லாமல் போனால்தான் விரல் தந்தி மேல் வழுக்கி வழுக்கி கமகம் பிடிக்க முடியும். சுருதி கூட்டுவதும் வேறு. நான்கு தந்திகளும் நமக்கு ச-ப-ச-ப. ஒரு மரத்துண்டைக்கூட மாற்றாமல் வாத்தியத்தைத் தமிழாக்கிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

தீட்சிதரிடம் பயின்ற தஞ்சை நால்வர் என்னும் சகோதரர்களில் இளையவர் வடிவேலு, திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜாவின் சபைக்குப் போனார். 1834-ல் அவருக்கு மகாராஜா கொடுத்த பரிசு என்ன தெரியுமா? தந்தத்தால் செய்த வயலின்!

இந்த இடத்தில் என் பேனா நிற்க மறுக்கிறது, ஏனென்றால் நான் சொல்ல வந்த அதிசயமே இங்கேதான் இருக்கிறது. ஒரு வாக்கேயக்காரர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருந்து, அந்த வீட்டிலேயே வருடா வருடம் அவருடைய பாட்டுகளின் கச்சேரியும் நடக்கிறது என்றால்? வியன்னாவுக்குப் போக வேண்டாம், திருவனந்தபுரம் ரயில் ஏறினால் போதும். பத்மநாப சுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் சுவாதித் திருநாள் கட்டிய குதிரமாளிகை. கூரையைத் தாங்கும் மரத்தாங்கிகளில் வரிசையாக 122 குதிரைகள், மரத்திலேயே செதுக்கியவை. ஒவ்வொரு ஜனவரி 6-ஆம் தேதியும் அங்கே சுவாதி சங்கீதோத்சவம் தொடங்கும். பாடகர்கள் மாளிகையின் முகப்பில் உட்கார, ரசிகர்கள் திறந்த முற்றத்தில் உட்காருவார்கள். பாடுவது எல்லாமே சுவாதித் திருநாள் கிருதிகள்தான், வேறு ஒருவர் பாட்டு கிடையாது. அவர் நடந்த தாழ்வாரத்தின் எதிரில், அவர் பார்த்த கோயில் கோபுரத்தின் பக்கத்தில், அவர் கட்டிய பாட்டு! 1813-ல் பிறந்து 33 வயதில், 1846 டிசம்பர் கடைசியில் அவர் மறைந்தார். அதிலிருந்து இரண்டு வாரம் முடிவதற்குள், 1847 ஜனவரி 6 அன்று, காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதியானார். தென்னாட்டுச் சங்கீதம் இரண்டு வாரத்துக்குள் இரண்டு தூண்களை இழந்திருக்கிறது. படிக்கும்போதே மனசு கனத்துவிடுகிறது.

தியாகராஜர் சென்னைக்கு வந்து தங்கியிருக்கிறார் என்பது தெரியுமா? ஜார்ஜ் டவுனில் பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியாரின் வீட்டில்தான் தங்கினார். முதலியாரின் சொந்த ஊர்க் கோயிலுக்குப் போய் வந்ததன் பலன்தான் கோவூர் பஞ்சரத்னம்.

திருவையாற்றில் இன்று ஆயிரக்கணக்கானோர் கூடிப் பஞ்சரத்ன கீர்த்தனை பாடுகிறோமே, அங்கே உள்ள தியாகராஜரின் சமாதி ஒரு காலத்தில் புதர் மண்டிக் கிடந்தது. சென்னையில் வசித்த பெங்களூர் நாகரத்னம்மாள் தன் சொந்த சம்பாத்தியத்தைக் கொட்டி, 1921-ல் வேலை தொடங்கி, 1925-ல் அங்கே கோயில் எழுப்பினார். தேவதாசி மரபில் வந்த பெண். அந்த நாளில் அதே சமாதி முன்னால் பெண்கள் பாட அனுமதி இல்லை. அவர் விடவில்லை, பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தி உரிமையை நிலைநாட்டினார். 1952-ல் அவர் மறைந்த பிறகு தியாகராஜரைப் பார்த்தபடியே அவருக்கும் சமாதி அமைத்தார்கள். இன்றும் ஆராதனை நாளான பகுள பஞ்சமியன்று தியாகராஜர் வாழ்ந்த திருமஞ்சன வீதியிலிருந்து சமாதி வரை உஞ்சவிருத்தி பஜனை போகிறது. அரிசி வாங்கிக்கொண்டே பாடிய மகானின் நினைவாக, இன்றைய வித்வான்கள் அதே தெருவில் பாடிக்கொண்டே நடக்கிறார்கள்.

நாகரத்னம்மாளின் கதையைக் கேட்கும்போது எனக்கு ஜெர்மனியின் பான் நகரம் நினைவுக்கு வரும். பீத்தோவன் பிறந்த வீடு இடிபடும் நிலைக்கு வந்தபோது, 1889-ல் ஊர்க்காரர்கள் 12 பேர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து அதை வாங்கிக் காப்பாற்றினார்கள். மறு வருடமே, 1890-ல், அந்தச் சங்கத்தின் பேரில் சேம்பர் இசை விழா. அருங்காட்சியகமாகிவிட்ட அந்த வீட்டை ஒட்டி இன்று ஒரு சின்ன இசையரங்கமும் இருக்கிறது, 1989-ல் கட்டியது. அங்கே பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்ததை இங்கே நாகரத்னம்மாள் தனி ஒருத்தியாகத் தொடங்கினாரே!

லண்டன் செய்தி ஒன்று, சட்டென்று சொல்லிவிடுகிறேன். புரூக் தெருவில் 25-ஆம் எண் வீட்டில் 1723 முதல் 1759-ல் சாகும்வரை ஹேண்டல் இருந்தார். ‘மெசையா’ எழுதியது அங்கேதான், 24 நாளில். அடுத்த வீட்டு மாடியில் 1968-ல் குடிவந்தவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். நடுவில் ஒரே ஒரு சுவர்! இப்போது இரண்டும் சேர்ந்து ஒரே அருங்காட்சியகம், ஹேண்டலின் அறைகளில் கச்சேரியும் உண்டு.

மறுபடி நம் ஊருக்கே வருகிறேன், எட்டயபுரத்துக்கு. 1835 தீபாவளியன்று முத்துசுவாமி தீட்சிதர் மறைந்த ஊர், பாரதி பிறந்த ஊர். தீட்சிதரின் 229 கிருதிகள் ஸ்வரத்தோடும் கமகக் குறிகளோடும் நமக்குக் கிடைத்திருப்பது அதே குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யால். 1904-ல் எட்டயபுரத்திலேயே அச்சானது. குடும்பச் சொத்தாக அதைப் பூட்டி வைத்திருந்தவரை, உலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சி, வற்புறுத்தி எழுத வைத்தவர் யார் தெரியுமா? சென்னைக்காரரான ஏ.எம். சின்னசாமி முதலியார். அவர் ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவர்! நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய நொட்டேஷனில் எழுதி 1893-லேயே அச்சிட்ட மனிதர். முருகனையும் கமலாம்பாளையும் பாடிய கிருதிகள் அழிந்துவிடக் கூடாது என்று ஒரு கிறிஸ்தவர் துடித்திருக்கிறார். தெலுங்கில் இருந்த அந்தப் பெரும் நூலைப் பின்னாளில் தமிழ் எழுத்தில் பல பாகங்களாக வெளியிட்டது எந்த நிறுவனம்? நம் ராயப்பேட்டை மியூசிக் அகாடமி! சுற்றிச் சுற்றி அதே முனைக்கு வந்துவிட்டோம், பாருங்கள்.

அந்த முனையிலிருந்து நடக்கிற தூரத்தில், போன மார்கழியில், ஒரு வீட்டு முன்னறையில் வீணை கேட்டேன். மொத்தம் முப்பது பேர் இருப்போம். பாய் விரித்திருந்தார்கள். வாசிக்கத் தொடங்குவதற்கு முன் வீட்டுக்கார மாமி எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். தம்பூராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ‘ஜீவா’ என்று ஒரு சின்ன நூல் வைப்பார்கள். அதை மயிரிழை அளவு நகர்த்தினார் ஒரு பெண், அதுவரை சாதாரணமாக இருந்த தந்தி தேனீக்கூட்டம் மாதிரி ரீங்கரிக்கத் தொடங்கியது. மைக் வைத்த மண்டபத்தில் எத்தனையோ வருடம் தம்பூரா கேட்டிருக்கிறேன். அந்த நூலுக்குப் பெயரே ஜீவன் என்று ஏன் வைத்தார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீரில் பிசைந்து தொப்பியில் அப்பிக்கொண்டிருந்தார், அந்த ஈர வாசனைகூட எங்களுக்கு வந்தது. வீணையின் மெட்டுகள் கறுப்பு மெழுகில் பதிந்திருந்தன. வாசித்த பெண்மணி தந்தியை இழுக்கும்போது விரல் நுனி வெளுப்பது எனக்குத் தெரிந்தது. வெளியே கௌடியா மடம் சாலைப் பக்கம் ஒரு வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது, ஒருவரும் திரும்பவில்லை.

பைரவி ஆலாபனையில் கடைசி சஞ்சாரம். ஒரே மீட்டு, அதற்குள் நான்கு ஸ்வரம். நாதம் தேய்ந்து, தேய்ந்து, தம்பூராவுக்குள் போய் ஒளிந்துகொண்டது. முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர் காதோரம் கையைக் குவித்து முன்னால் சாய்ந்தார். வாசித்த அந்தப் பெண்மணி அவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்: இன்னும் இருக்கிறது.