மட்டையை வீசும் முன் பத்து நிமிடம்

சின்னத்திரையில் என்னைப் பார்த்துப் பழகியவர்கள், "இவருக்கும் கோல்ப் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்! நமது கலந்துரையாடல் அரங்கில் முதுகுவலி, மூட்டுவலி, மாரடைப்பு என்று எதைப் பற்றிப் பேசினாலும் ஒரு வாக்கியம் மட்டும் திரும்பத் திரும்ப வந்து விழும். "நேற்றுவரை நல்லாத்தான் இருந்தேன். காலையில எழுந்து சட்டுனு ஒரு வேலை செஞ்சேன், பிடிச்சுக்கிச்சு." உடம்பு தயாராவதற்கு முன்பே வேலை வாங்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க, கோல்ப்பை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதிலும் நம் கேமரன் மலையில் ஆடும் கோல்ப்!

குளிரும் வளைவுகளும்

தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்கிற்கும் நடுவில், பிரதான சாலையை ஒட்டியே இருக்கிறது கேமரன் மலையின் 18 குழி கோல்ப் திடல். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சுற்றுவட்டாரத்தில் தேயிலைத் தோட்டங்கள். 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய 'போ' தோட்டம் இந்த மலையில்தான் இருக்கிறது. கோலாலம்பூரில் வேர்த்து வழியும் நமக்கு இங்கே வேறொரு நாட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். பகலில் 25 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். விடியற்காலையில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும்.

இப்போது ஒரு சராசரி வார இறுதி ஆட்டக்காரரை நினைத்துப் பாருங்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வாரம் முழுக்க அலுவலக நாற்காலி. சனிக்கிழமை இருட்டிலேயே கிளம்பி, தாப்பாவிலிருந்து மலைப்பாதையில் அறுபது கிலோமீட்டர், வளைந்து வளைந்து கார் ஓட்டி மேலே வருகிறார். இடுப்பும் தொடையும் மடங்கியபடியே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. இறங்கியதும் காலணியை மாற்றுகிறார், பையிலிருந்து இருப்பதிலேயே நீளமான மட்டையை உருவுகிறார், இரண்டு முறை காற்றில் வீசுகிறார். மூன்றாவது வீச்சில் பந்தை முழு பலத்தோடு அடிக்கிறார்.

இதைப் படிக்கும்போதே உங்கள் இடுப்பு வலிக்கிறதா? அவருக்கும் வலிக்கும். அன்று இல்லையென்றால் மறுநாள்!

பழைய லேண்ட் ரோவர் சொல்லும் பாடம்

கேமரன் மலைக்குப் போனவர்கள் கட்டாயம் கவனித்திருப்பீர்கள். காய்கறித் தோட்டங்களிலும் தேயிலை மேடுகளிலும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. குளிர் காலையில் அந்த வண்டியைக் கிளப்பியதும் ஓட்டுநர் உடனே மேட்டில் ஏற்றமாட்டார். எண்ணெய் இளகி எல்லா இடத்துக்கும் போகட்டும் என்று சற்று நேரம் எஞ்சினை ஓடவிடுவார். இரும்புக்குக் காட்டும் அந்தக் கரிசனத்தை நம் உடம்புக்கு நாம் காட்டுவதில்லை.

உடலைச் சூடேற்றும்போது உள்ளே நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான். மெதுவாக அசையத் தொடங்கியதும் இதயத் துடிப்பு படிப்படியாகக் கூடுகிறது. ஓய்வில் இருந்த தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. தசையின் வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி ஏறினாலே அது வேகமாகச் சுருங்கி வேகமாக விரியும். நரம்புக் கட்டளையும் விரைந்து வந்து சேரும். மூட்டுகளில் இருக்கும் வழுவழுப்பான திரவம் அசைவினால் நன்றாகப் பரவுகிறது. தசைநார்களின் விறைப்பும் குறைகிறது.

"கோல்ப் என்ன பெரிய ஓட்டமா, சாட்டமா? நடந்துகொண்டே ஆடுவதுதானே!" என்று சிலர் சொல்வார்கள். நடை மெதுவானதுதான். ஆனால், வீச்சு மெதுவானதல்ல. மட்டையைப் பின்னால் தூக்கி, இறக்கி, பந்தை அடிக்கும் வரை ஆகும் நேரம் ஒரு விநாடி சொச்சம். அதற்குள், சாதாரண ஆட்டக்காரர் ஒருவரின் மட்டை முனைகூட மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். அந்த வேகம் கையிலிருந்து வருவதில்லை. கால், இடுப்பு, முதுகு, தோள் என்று கீழிருந்து மேலாக முறுக்கிக்கொண்டு வருகிறது. அதனால்தான் கோல்ப் ஆடுபவர்களுக்கு அதிகம் அடிபடும் இடமாகக் கீழ் முதுகு இருக்கிறது. முழங்கை, மணிக்கட்டு, தோள் எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2001இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஆட வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, ஆட்டத்துக்கு முன்பு என்ன செய்கிறார்கள் என்று உற்றுக் கவனித்தார்கள். ஏதோ ஒரு வகையில் உடலைத் தயார் செய்தவர்கள் பாதிக்குச் சற்று அதிகம். அவர்களிலும் பெரும்பாலானோர் செய்தது, காற்றில் மட்டையை வீசிப் பார்த்தது மட்டும்தான்.

அதே குழுவினர் 2004இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். கோல்ப்புக்கென்றே வகுத்த பயிற்சிகளைப் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுத்து, செய்யாத பத்துப் பேருடன் ஒப்பிட்டார்கள். செய்தவர்களின் மட்டை வேகம் ஏழாவது வாரத்தில் சுமார் 24 விழுக்காடு கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் இவ்வளவு கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால், காயத்துக்குப் பயந்து மட்டுமல்ல, நன்றாக ஆடவும் இது உதவும் என்பது தெரிகிறது அல்லவா?

என் மனத்தை அதிகம் தொட்டது 1973இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு. ஆரோக்கியமான 44 ஆண்களை எந்த முன்தயாரிப்பும் இல்லாமல் திடீரென்று கடுமையாக ஓடவிட்டார்கள். அவர்களில் 31 பேரின் இதய மின்பதிவில் மாறுதல்கள் தெரிந்தன. முதலில் மெல்ல ஓடி உடலைச் சூடேற்றிக்கொண்ட பிறகு அந்த மாறுதல்கள் பெரும்பாலும் மறைந்தன அல்லது குறைந்தன. ஆரோக்கியமான இதயமே இப்படி என்றால், நீரிழிவும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் சமூகத்தில், மலைக்குளிரில் எழுந்ததும் திடீரென்று பாய்வது எவ்வளவு ஆபத்து?

பத்து நிமிடத்தில் என்ன செய்யலாம்?

முதல் மூன்று நிமிடம்: கார் நிறுத்துமிடத்திலிருந்து கை வீசி விறுவிறுப்பாக நடங்கள். லேசாக மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். அதுதான் அளவு.

அடுத்த இரண்டு நிமிடம்: தோள்களை முன்னும் பின்னும் பத்து முறை சுழற்றுங்கள். மணிக்கட்டு, கணுக்கால் இரண்டையும் அப்படியே. கழுத்தை இடம் வலமாக மெதுவாகத் திருப்பினால் போதும். பம்பரம் போல் சுற்ற வேண்டாம்.

அடுத்த இரண்டு நிமிடம்: மட்டையை ஊன்றிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முன்னும் பின்னும் பத்து முறை ஆட்டுங்கள். பிறகு மறு கால். பின்னர் நாற்காலியில் பாதி உட்கார்வது போல் பத்து முறை தாழ்ந்து எழுங்கள். காரில் மடங்கிக் கிடந்த இடுப்பு இப்போதுதான் விழித்துக்கொள்ளும்.

அடுத்த ஒரு நிமிடம்: மட்டையைத் தோளின் குறுக்கே வைத்து, சற்றே முன்சாய்ந்து, இடமும் வலமும் பத்து முறை திரும்புங்கள். முதலில் கொஞ்சமாக, போகப் போகக் கூடுதலாக.

கடைசி இரண்டு நிமிடம்: குட்டையான மட்டையை எடுத்து, கால் வீச்சு, அரை வீச்சு, முக்கால் வீச்சு, பிறகு முழு வீச்சு. வலக்கைக்காரர்கள் இடக்கைப் பக்கமும் ஐந்து முறை மெதுவாக வீசுங்கள். ஒரே பக்கம் முறுக்கும் ஆட்டத்தில் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. நீளமான மட்டைக்குக் கடைசியில்தான் இடம்.

ஒரு முக்கியக் குறிப்பு. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தது போல் குனிந்து கால்விரலைத் தொட்டு அப்படியே நீண்ட நேரம் நிற்பது ஆட்டத்துக்கு முன்பு வேண்டாம். ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் தசையின் வலு தற்காலிகமாகக் குறைவதையும், கோல்ப்பில் மட்டை வேகம் குறைவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அசைந்தபடி செய்யும் பயிற்சி ஆட்டத்துக்கு முன், இழுத்துப் பிடிக்கும் பயிற்சி ஆட்டத்துக்குப் பின். இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதையெல்லாம் பொது இடத்தில் செய்ய வெட்கமாக இருக்கிறதா? ஸ்பெயின் ஆட்டக்காரர் மிகேல் ஆங்கல் ஹிமேனெஸ், ஆட்டத்துக்கு முன்பு முழங்காலைச் சுழற்றி, இடுப்பை ஆட்டிச் செய்யும் பயிற்சியைப் பார்த்து உலகமே சிரித்தது. அவரோ 2014இல், ஐம்பது வயதில், ஸ்பெயின் ஓப்பன் பட்டத்தை வென்று, ஐரோப்பியச் சுற்றில் பட்டம் வென்ற மிக மூத்த ஆட்டக்காரர் ஆனார். சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டே இருக்கட்டும்!

அரங்கில் எழும் கேள்விகள்

சுடச்சுட ஒரு தே தாரிக் குடித்தால் உடம்பு சூடாகாதா?
நாக்கு சூடாகும், மனசும் குளிரும்! ஆனால், தசை சூடாகாது. தசையைச் சூடாக்க அதை அசைத்தே ஆக வேண்டும். தேநீரைக் குடியுங்கள், குடித்துவிட்டு நடங்கள்.

கீழே, வெயில் கொளுத்தும் திடலில் ஆடினால் இது தேவையில்லைதானே?
தேவைதான். வெயிலில் சுடுவது தோல். மூட்டும் இதயமும் அசைவுக்காகத்தான் காத்திருக்கும். வெப்பமான இடத்தில் நேரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம், தண்ணீரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தேன், ஆனால் என் முறை வர இருபது நிமிடம் ஆகிவிட்டது. என்ன செய்வது?
மலைக்குளிரில் ஏறிய சூடு சீக்கிரமே இறங்கிவிடும். மேல்சட்டையைக் கழற்றாதீர்கள். ஆடப்போகும் முன் ஒரு நிமிட நடையும் சில அரை வீச்சுகளும் மறுபடி செய்யுங்கள்.

மலையில் பந்து கூடுதல் தூரம் போகும் என்கிறார்களே, உண்மையா?
உண்மை. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் பந்துக்குத் தடையும் குறைவு. குளிர்ந்த காற்று சற்று அடர்த்தியானது என்பதால் அந்த லாபத்தில் கொஞ்சம் கழிந்துவிடும். மொத்தத்தில் பந்து சற்று அதிகமாகவே பறக்கும். ஆகவே, இங்கே முழு பலத்தைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் வந்தால்?
உடனே நிறுத்துங்கள். "வாயுப் பிடிப்பு" என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். 999க்கு அழையுங்கள். தானா ராத்தாவிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டே மட்டையைத் தொடுங்கள்.

இது பணக்காரர் சமாச்சாரமா?

கோல்ப் என்றாலே நம்மில் பலருக்கு அது துரைமார் ஆட்டம். தோட்டப்புறத்துப் பிள்ளைகளில் பலர் திடலுக்குள் முதலில் நுழைந்ததே மட்டைப் பை தூக்கும் 'கேடி'யாகத்தான். (நம் சினிமாவில் வரும் கேடி அல்ல!) ஆனாலும் எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற நம்மவர்கள் தொழில்முறை ஆட்டத்தில் பெயர் வாங்கியிருக்கிறார்கள். இன்று ஓய்வுபெற்ற ஆசிரியர், சிறு வியாபாரி என்று பலரும் ஆடுகிறார்கள். மகிழ்ச்சி!

ஆனால், நான் சொல்ல வந்தது அவர்களுக்கு மட்டுமல்ல. கோல்ப் திடலுக்கு அந்தப் பக்கம், அதே குளிரில், அதே காலையில், தேயிலைச் சரிவில் வேலைக்கு இறங்குபவர்களை எண்ணிப் பாருங்கள். அன்று கூடை சுமந்து கொழுந்து கிள்ளிய நம் பாட்டிமார்கள். இன்று கத்தரியும் இருவர் பிடிக்கும் வெட்டு இயந்திரமும் ஏந்தி நிற்பவர்கள், பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். சரிவில் கால் ஊன்றி, ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பிச் செய்யும் வேலை. ஆட்டக்காரருக்கு முதுகு பிடித்தால் ஒரு வாரம் ஆட்டம் போகும். தொழிலாளிக்கு முதுகு போனால் அன்றைய கூலி போகும். அப்படியானால் அந்தப் பத்து நிமிடம் யாருக்கு அதிகம் தேவை?

பெரட்டு முடிந்து மலையில் இறங்கும் முன், தோளையும் இடுப்பையும் மணிக்கட்டையும் அசைக்க ஐந்து நிமிடம் ஒதுக்கினால் எந்த முதலாளியும் நட்டப்படமாட்டார். மேற்பார்வையாளர்களும் வாய்ப்பு உள்ள நிர்வாகங்களும் இதை யோசிக்க வேண்டும். காசு செலவில்லை, கருவி தேவையில்லை. லாரியில் சாமான் ஏற்றும் தம்பிக்கும், விடியற்காலையில் கடை திறந்து மூட்டை தூக்கும் அண்ணனுக்கும், குளிர்ந்த தண்ணீரில் துணி அலசி முறுக்கிப் பிழியும் அம்மாவுக்கும் இதுவே பொருந்தும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நாளைக் காலை நீங்கள் தூக்கப்போவது மட்டையோ மூட்டையோ, முதலில் கொஞ்சம் நடங்கள், தோளைச் சுழற்றுங்கள், இடுப்பைத் திருப்புங்கள். பிறகு தூக்குங்கள். மீண்டும் அடுத்த அரங்கில் சந்திப்போம்.