மூட்டைக்கு ஒரு விலை! பொட்டலத்துக்கு ஒரு விலை!

இல்லாதவனுக்குக் குறைந்த விலையில் கிடைக்க வேண்டும் என்பது நியாயம். சந்தையின் நியாயமோ வேறு, தோழர்களே! மூட்டையாக வாங்குபவருக்கு மலிவு. பொட்டலமாக வாங்குபவருக்குக் கூடுதல்! முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் நம் தாய்மார்கள், கூலி கைக்கு வந்த பிறகுதான் நூறு கிராம் மல்லி, ஐம்பது கிராம் வத்தல் என்று வாங்க முடிகிறது. அரிசியை 2011 முதல் ரேஷன் கடை இலவசமாகத் தருகிறது. மற்றவற்றுக்குப் பலசரக்குக் கடைப் பற்றுதானே கதி?

கடைக்காரர் கொடியவரா? இல்லை. ஒரு மூட்டை ஏற்றினாலும் பத்து மூட்டை ஏற்றினாலும் வண்டிச் சத்தம் பத்து மடங்காகிவிடாது. நிறுத்து மடிக்க ஆள் வேண்டும். கடனாகக் கொடுத்த பணம் முடங்கும். அத்தனையும் விலையில் ஏறும். இதுதான் பொருளாதாரத்தின் அரிச்சுவடி.

இந்த அரிச்சுவடியை வைத்தே கோட்டை கட்டியது அமெரிக்காவின் காஸ்ட்கோ நிறுவனம். 1983இல் சியாட்டில் நகரில் முதல் கிடங்கைத் திறந்தது. சந்தா கட்டியவருக்கே அங்கே சரக்கு. 2024 முதல் ஆண்டுக்கு 65 டாலர். உள்ளே ஏறக்குறைய 4,000 வகைச் சரக்கு மட்டும். வகை குறைந்தால் ஒவ்வொன்றிலும் வாங்கும் அளவு கூடும். அளவு கூடினால் ஆலைக்காரர் விலையில் இறங்கி வருவார். சரக்கின் மேல் ஏற்றும் தொகை பெரும்பாலும் 15 சதவீதத்தைத் தாண்டாது. லாபத்தின் பெரும்பங்கு சந்தாப் பணத்தில் வருகிறது!

நல்ல ஏற்பாடுதான். யாருக்கு? முன்பணம் கட்டவும், மொத்தமாக வாங்கவும், வீட்டில் அடுக்கவும் வசதி உள்ளவருக்கு!

அந்தக் கணக்கை ஏழையும் போடலாம் என்று 1844இலேயே காட்டினார்கள், இங்கிலாந்தின் ராச்டேல் நகரத் தொழிலாளர்கள். 28 பேர். வாரந்தோறும் சில காசு சேர்த்து, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் வாங்கிக் கடை வைத்தார்கள். கடன் கிடையாது. கிடைத்த லாபத்தை, வாங்கிய அளவுக்கு ஏற்ப, வாங்கியவருக்கே பங்கிட்டார்கள். காஸ்ட்கோவில் லாபம் பங்கு முதலீட்டாளருக்கு. ராச்டேலில் லாபம் கடைக்கு வந்த தொழிலாளிக்கு! அந்த வழியில் 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தது நம் நாட்டுக் கூட்டுறவுப் பண்டகசாலை.

தாமிரபரணிக் கரையில் பிறந்த நமக்கு இது புரியாத பாடமா? கன்னடியன் கால்வாயை ஒற்றை வயலுக்காகவா வெட்டினார்கள்? சீட்டுக்கு வாரந்தோறும் பணம் கட்டத் தெரிந்த நமக்கு, மல்லி மூட்டைக்குக் கட்டத் தெரியாதா?

தெருவுக்குத் தெரு சேருங்கள். சேர்ந்தால் மட்டும் போதாது. மாதந்தோறும் வரவு செலவை எல்லார் முன்னும் படிக்கச் சொல்லுங்கள். கணக்குக் கேட்காத கூட்டுறவு, கரையான் ஏறிய கூரை! கணக்குக் கேட்கும் கூட்டுறவோ, பொட்டலம் வாங்கும் கைக்கும் மூட்டை விலையை வாங்கித் தரும்!