கல்லின் காலம் – 11: தைதாரியின் வெளிர்நிறக் கல்

ஒடிசாவின் தைதாரி என்றதும் சுரங்கத் தொழிலில் இருப்பவர்களுக்கு இரும்புத் தாது நினைவுக்கு வரும். பக்கத்திலேயே சுகிந்தா, நம் நாட்டுக் குரோமைட்டில் பெரும்பகுதி அங்கே வெட்டப்படுகிறது. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது விலைபோகாத ஒரு கல்லை. அதன் பெயர் டேசைட். என்னைக் கேட்டால், அந்த மலைகளில் இருப்பதிலேயே அருமையான பொருள் அதுதான்.

சென்ற வாரம் பசும்பாறைப் பட்டைகளைப் பற்றிச் சொன்னேன். ஆதிக்கடலின் அடியில் வழிந்த எரிமலைக் குழம்பு, காலப்போக்கில் கனிமங்கள் மாறிப் பச்சை பூத்த நிலம். அதில் பெரும்பங்கு பசால்ட். சிலிக்கா ஏறக்குறைய பாதிதான். நடுநடுவே வெளிறிய சாம்பல் நிறத்தில் டேசைட் படிந்திருக்கும். இதில் சிலிக்கா 63 சதவீதத்துக்கு மேல். சிலிக்கா கூடக் கூடக் குழம்பு முற்றிய வெல்லப்பாகுபோல் கெட்டிப்படும். தூரம் ஓடாது, வாயைவிட்டு வந்த இடத்திலேயே குவியும், சில நேரம் வெடித்துச் சாம்பலாகும். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், நுண்ணிய சாம்பல் பரப்பில் வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் படிகங்களும் கண்ணாடிபோன்ற குவார்ட்ஸ் மணிகளும் தெறித்துக் கிடப்பது தெரியும்.

பசால்ட்டிடம் வயதைக் கேட்டால் பெரும்பாலும் நேரான பதில் கிடைக்காது. டேசைட் சொல்லிவிடும், ஏனென்றால் அதற்குள் சிர்கான் என்ற கனிமம் இருக்கிறது. பாறையைப் பொடித்து, சலித்து, கனமான திரவத்தில் மூழ்கும் துகள்களை மட்டும் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். கிடைப்பவை பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணிகள். அவற்றைப் பிசினில் பதித்துப் பாதிவரை தேய்த்து, ஆக்சிஜன் அயனிக் கற்றையை ஒரு புள்ளியில் பாய்ச்சுகிறார்கள். ஷ்ரிம்ப் என்று அழைக்கப்படும் இந்தக் கருவி கான்பெராவின் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது.

சிர்கான் வளரும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. ஆகவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் சிதைந்து வந்தது. கடிகாரமும் ஒன்றல்ல, இரண்டு. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும், யுரேனியம்-235க்கு 70.4 கோடி ஆண்டு போதும். இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் நம்பலாம். தைதாரி டேசைட்டுக்கு ஜாய்தீப் முகோபாத்யாயும் குழுவினரும் 2008இல் அறிவித்த வயது 350.68 கோடி ஆண்டு. கூடுதல் குறைவு 23 லட்சம் ஆண்டுதான். அந்த மணிகளில் யுரேனியம்-235 முப்பத்திரண்டில் ஒரு பங்கே மிச்சம்.

வயதோடு இன்னொரு சேதியும் இருக்கிறது. பூமியின் மூடகம் உருகினால் முதலில் வருவது பசால்ட்தான். டேசைட் நேரடியாக வராது. கடலடியில் தண்ணீரை உறிஞ்சிய பசால்ட் புதைந்து, மறுபடி சூடேறி, அதில் ஒரு பகுதி மட்டும் உருக வேண்டும். அப்படிப் பிரியும் உருகலில் சிலிக்காவும் சோடியமும் மிகுந்திருக்கும். மேலே வந்து கொட்டினால் டேசைட், ஆழத்திலேயே ஆறினால் டோனலைட்; பழைய கண்டங்களின் அடிக்கல் இந்த டோனலைட் வகைப் பாறைகளே. புதைத்தது எது, ஒரு தட்டின் கீழ் மற்றொரு தட்டு சரிந்ததா, தடித்த மேலோட்டின் அடிப்பகுதி தன் பாரத்தால் அமிழ்ந்ததா என்ற விவாதம் ஓயவில்லை. எப்படியானாலும், 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமி தன் மேலோட்டைத் திரும்ப உருக்கத் தொடங்கிவிட்டது.

ஆஸ்திரேலியாவின் பில்பராவிலும் தென்னாப்பிரிக்காவின் பார்பர்டனிலும் இதே காலத்தை ஒட்டிய சிலிக்கா மிகுந்த எரிமலைப் பாறைகள் உள்ளன. ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த ஜகன்மோய் ஜோடரும் உடன் ஆய்வாளர்களும் 2024இல் வெளியிட்ட ஆய்வு, தைதாரியை அவ்விரண்டோடும் ஒப்பிடுகிறது. பார்பர்டன் மலைகளை யுனெஸ்கோ 2018இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தைதாரியின் டேசைட் வெளிப்பாடுகளுக்கும் வேலியும் பெயர்ப்பலகையும் வேண்டும். இரும்புத் தாதுவுக்கு வேறு மலைகள் உண்டு. இந்தக் கல் போனால் போனதுதான்.

இதைவிடப் பழைய சிர்கான்களும் ஒடிசாவில் கிடைத்திருக்கின்றன. சம்புவாவில் எடுத்த பாறையில் ஒரு மணியின் வயது 424 கோடி ஆண்டு. அது தான் பிறந்த பாறையைத் தொலைத்துவிட்டு, வேறொரு பாறைக்குள் ஒட்டிக்கொண்டு வந்த மணி. எப்படி வந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.