திருச்சபைப் பள்ளியில் குழந்தையைச் சேர்த்தல்

தென்பாண்டிச் சீமையில் பல ஊர்களில் ஒரு கோயில் பள்ளிக்கூடம் உண்டு. இங்கே கோயில் என்றது மாதா கோயிலையும் வேதக் கோயிலையும். அதன் அருகே ஓட்டுக் கட்டடம் ஒன்று. முன்னால் வேப்பமரம் ஒன்று. ஆர்.சி. பள்ளி என்றும் டி.டி.டி.ஏ. பள்ளி என்றும் மக்கள் சுருக்கமாக அழைப்பார்கள். அத்தகைய தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியனாகவும், பின்பு தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன் நான். 'அங்கே கிறிஸ்தவப் பிள்ளைகளை மட்டுந்தானே சேர்ப்பார்கள்?' என்று கல்லூரி மாணவர் ஒருவர் என்னை அண்மையில் கேட்டார். அக்கேள்வியே இப்பேச்சுக்குக் காரணம்.

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் பாதிரியார், அடுத்த ஆண்டே பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் பாதிரியார், திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்களில் பள்ளிகளைப் பெருக்கினார். அவ்வழியில் வந்த பள்ளிகளில் மிகப் பல இன்று அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியரின் ஊதியத்தை அரசாங்கம் அளிக்கிறது. நிருவாகத்தைத் திருச்சபையின் சார்பில் தாளாளர் நடத்துகிறார்.

ஆகவே, இப்பள்ளியின் வாயிலில் அரசியலமைப்பின் இரண்டு விதிகள் சந்திக்கின்றன. சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தலாம் என்பது 30ஆம் பிரிவு. அரசின் உதவி பெறும் நிலையத்தில் சமயம், இனம், சாதி, மொழி என்னும் காரணத்தை மட்டுமே காட்டி எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்பது 29ஆம் பிரிவு. சேர்ந்த குழந்தையைப் பெற்றோரின் இசைவின்றிச் சமய போதனையில் பங்குகொள்ளச் செய்யலாகாது என்று 28ஆம் பிரிவு கூறுகிறது. எங்கள் பள்ளியில் பனையேறியின் மகனும் பண்ணையாரின் மகளும், இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவனும் ஒரே பாயில் அமர்ந்தே அகரம் எழுதினார்கள்.

இனி, சேர்க்கை நடைபெறும் முறையைக் கூறுவேன். முதல் வகுப்பில் சேர ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்று இல்லாத அக்காலத்தில், வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார்கள். விரல் காதைத் தொட்டால் வயது வந்துவிட்டது! கிறிஸ்தவக் குழந்தைக்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு துணை நின்றது. மற்றக் குழந்தைகளுக்குத் தாயின் நினைவே சான்று. பின்பு ஆசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, தாய்மொழி என்று கட்டங்களை நிரப்புவார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அந்தக் கால் மணி நேரத்தில் எழுதப்பட்டது அக்குழந்தையை ஆயுள் முழுதும் தொடரும்.

நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். 1985ஆம் ஆண்டு ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தாள். 'ஆடிப் பெருக்குக்கு மறுநாள் பிறந்தான், ஐயா' என்றாள். கணக்குப் பார்த்தால் ஐந்து வயது நிறையச் சில நாள்கள் குறைந்தன. ஓராண்டு வீணாக வேண்டாமே என்று இரங்கி, ஜூன் முதல் தேதி என்று எழுதிச் சேர்த்துக்கொண்டேன். அன்று அது எனக்கு உபகாரமாகவே தோன்றியது. நம் நாட்டு முதியோர் பலரின் பிறந்த நாள் ஜூன் மாதத்தில் வருவதற்கும் இத்தகைய உபகாரமே காரணம். 2004ஆம் ஆண்டு அவன் என்னைத் தேடி வந்தான். அவன் விரும்பிய பணிக்கு வயது வரம்பு ஒரு மாதத்தால் கடந்துவிட்டிருந்தது. உண்மைத் தேதியை எழுதியிருந்தால் கடந்திராது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்ட தேதியை மாற்றுவது எளிதன்று. 'நீங்கள் நல்லது நினைத்துத்தானே செய்தீர்கள், சார்' என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் கோபித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

தேதியைவிடக் கனமானது மதம் என்னும் கட்டம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் பிற்காலத் திருத்தங்களும் பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாருக்கே அளிக்கின்றன. ஆதிதிராவிட வகுப்பிலிருந்து கிறிஸ்தவரானோர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் வைக்கப்பட்டுள்ளனர். ஒரே தெருவில் வாழும் அண்ணன் மகனுக்கும் தம்பி மகனுக்கும் இந்த ஒரு சொல்லால் உதவித்தொகை வேறாகும், வேலைவாய்ப்பும் வேறாகும். கோயில் பள்ளியில் இருக்கும் ஆசிரியர் தம் விருப்பத்தையோ ஊகத்தையோ இக்கட்டத்தில் எழுதிவிடலாகாது. பெற்றோர் கூறியதை எழுதி, அவர்களுக்கே உரக்கப் படித்துக் காட்டிய பின்பே கையொப்பம் வாங்க வேண்டும். சாதியும் மதமும் குறிப்பிட விரும்பாதோர் அவ்வாறே விட்டுவிடலாம் என்று தமிழ்நாட்டு அரசு 1973ஆம் ஆண்டிலும் 2000ஆம் ஆண்டிலும் ஆணை பிறப்பித்துள்ளது. இதையும் ஆசிரியர் எடுத்துச் சொல்வது கடமை.

நகரங்களில் நிலைமை வேறு. பெயர் பெற்ற பள்ளியாயின் இடங்கள் சில, விண்ணப்பங்கள் பல. சபை மக்களின் பிள்ளைகளுக்கும், ஏற்கெனவே பயில்வோரின் தம்பி தங்கையருக்கும் முதலிடம் தருவது வழக்கம். மிஞ்சிய இடங்களுக்குக் குழந்தையைச் சோதித்தும், பெற்றோரைக் கேள்வி கேட்டும் பொறுக்கி எடுக்கும் வழக்கம் சில இடங்களில் புகுந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இத்தகைய சோதனையையும் நன்கொடை வசூலையும் தடை செய்தது. வயதுச் சான்று இல்லை என்று இடம் மறுப்பதையும் தடுத்தது. ஆனால் 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அச்சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டு அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு அத்தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் ஆய்வுக்கு உரியதென்றது.

வழக்கின் முடிவு எவ்வாறாயினும், என் கருத்து ஒன்றே. ஐந்து வயதுக் குழந்தையிடம் தகுதி தேடுவது ஆசிரியத் தொழிலுக்கு இழுக்கு. கற்றுக்கொண்டு வந்தவனைப் பொறுக்குவதற்குப் பள்ளி எதற்கு? ஏழையின் பிள்ளையைத் தேடிச் சென்று அழைத்துவந்த பள்ளிகள் இவை. சட்டம் வாயிலுக்கு வெளியே நின்றாலும், அந்தப் பழைய வழக்கம் உள்ளே நிற்க வேண்டும்.

மாணவர்களே! இக்காலத்தில் பிறப்புப் பதிவு செம்மையாகிவிட்டது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதிக்குப் பின் பிறந்தோருக்குப் பள்ளியில் சேரப் பிறப்புச் சான்றே வயதுக்கு ஆதாரம். காதைத் தொடும் காலம் போயிற்று. ஆயினும் எழுத்துப்பிழையும் முதலெழுத்துப் பிழையும் போய்விடவில்லை. வீட்டிற்குச் சென்றதும் உங்கள் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். பெயரும் தேதியும் சரியாக உள்ளனவா என்று பிறப்புச் சான்றோடு ஒப்பிடுங்கள். பள்ளியில் இருப்பவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே தலைமையாசிரியரிடம் தெரிவியுங்கள். உங்கள் வீட்டுச் சிறு குழந்தையைச் சேர்க்கும் நாளில், படித்தவர் ஒருவர் உடன் செல்லுங்கள். ஆசிரியர் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல ஆசிரியர் அதற்குக் கோபிக்கமாட்டார். 1985ஆம் ஆண்டு என்னிடம் ஒருவர் அவ்வாறு கேட்டிருக்கலாகாதா என்று நான் இன்றும் எண்ணுவதுண்டு.