இல்லங்களில் கம்பியில்லா இணையத் தொடர்பு: தடைகளின் காரணமறியும் முறை

இணையத் தொடர்பு அறுபடும்போது பெரும்பாலோர் முதலிற் செய்வது ரூட்டரை அணைத்து மீண்டும் இயக்குவதேயாகும். சில வேளைகளில் இது பயன் தருகின்றது. ஆயினும், தடையின் காரணம் யாதென்பது இதனால் விளங்குவதில்லை. மறுநாள் அதே தடை மீண்டும் தோன்றுகிறது. பயிற்சி வகுப்பின் நடுவே தொடர்பை இழக்கும் ஆசிரியருக்கும், களத்தில் திரட்டிய கணக்குகளை மாலைக்குள் அனுப்பவேண்டிய ஊழியருக்கும் இது சிறு இடையூறன்று. காரணமறியாமல் விலையுயர்ந்த புதிய கருவியை வாங்கிவிட்டு, பழைய தொல்லையையே தொடர்ந்து அனுபவிப்போரும் உளர்.

முதற்கண் அறியவேண்டுவது யாதெனில், இத்தொடர்பு இரு கூறுகளையுடையது என்பதே. வெளியிலிருந்து வீட்டிலுள்ள கருவி வரை கண்ணாடியிழையோ செம்புக் கம்பியோ வருகிறது. அங்கிருந்து கணிப்பொறி அல்லது கைப்பேசி வரை வானொலி அலைகள் செல்கின்றன. குறை எக்கூற்றில் உள்ளது என்பதைப் பிரித்தறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்ததெனலாம். இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. கணிப்பொறியை லேன் கம்பியின் மூலம் ரூட்டருடன் நேரே இணைத்துப் பார்க்கவேண்டும். அப்போதும் தடை நீடிக்குமாயின், பெரும்பாலும் குறை ரூட்டரிலோ வெளியிலிருந்து வரும் பாதையிலோ உள்ளது. கம்பியில் சீராக இயங்கி, கம்பியின்றி மட்டும் தடைப்படுமாயின், குறை வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. லேன் கம்பி இல்லாதவர்கள் கைப்பேசியை ரூட்டருக்கு இரண்டடி தூரத்தில் வைத்துச் சோதிக்கலாம். இது அத்துணை உறுதியானதன்று; எனினும் ஓரளவு வழிகாட்டும்.

கண்ணாடியிழைத் தொடர்புள்ள வீடுகளில், கருவியின் மீது ‘லாஸ்’ எனக் குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரியுமாயின், வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். கருவியை எத்தனை முறை அணைத்து இயக்கினாலும் பயன் விளையாது. கதவிடுக்கிலோ சுவரின் மூலையிலோ இழை கூர்மையாக மடிந்திருந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும் என்பதால், அவ்விடங்களைப் பார்வையிடுதல் நன்று. இழையின் முனையைக் கழற்றிக் கண்ணெதிரே பிடித்துப் பார்த்தல் கூடாது. அதிற் செல்லும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குப் புலப்படாதது, கண்ணுக்குத் தீங்கும் விளைவிக்கக்கூடியது.

இனி, காற்றில் நிகழ்வதைக் காண்போம். 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த இந்திய அரசு 2005-ஆம் ஆண்டில் இடமளித்தது. எல்லோருக்கும் பொதுவானதாகையால் அங்கு நெரிசலும் மிகுதி. அண்டை வீட்டு ரூட்டர்கள், புளூடூத் கருவிகள் ஆகியன இவ்வரிசையிலேயே இயங்குகின்றன. உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2450 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதே. அதினின்று கசியும் சிற்றளவும் ரூட்டரின் மெல்லிய அலையைக் குலைக்கப் போதுமானது.

இவ்வரிசையில் 13 தடங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன. ஆனால் ஒவ்வோர் ஒலிபரப்பும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைக் கொள்வதால், 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. அண்டை வீட்டார் 1-லும் 6-லும் இருக்க, நாம் இடையே 3-ஐத் தேர்ந்தெடுத்தல் அறிவுடைமை போலத் தோன்றும். உண்மையில் இருபுறத் தொல்லையும் நம்மைச் சாரும். ஒரே தடத்தில் உள்ள கருவிகள், ஒரே வகுப்பில் முறைவைத்துப் பேசும் மாணவர்களைப் போல, ஒன்று ஓய்ந்தபின் மற்றொன்று பேசுகின்றன. அரைகுறையாகப் படியும் தடமோ, தட்டிக்கு அப்பாலுள்ள வகுப்பின் இரைச்சலுக்கு ஒப்பாகும்.

5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் நெரிசல் குறைவு. எனினும் அதன் அலைநீளம் 5 முதல் 6 சென்டிமீட்டரே. 12 சென்டிமீட்டர் நீளமுள்ள முன்னைய அலையைக் காட்டிலும் இது சுவர்களில் விரைவாக வலுவிழக்கிறது. ஆகவே ரூட்டர் உள்ள அறையில் இதனையும், தொலைவிலுள்ள அறைகளில் 2.4-ஐயும் கொள்ளுதல் பொருத்தமாகும்.

அழகு கருதி ரூட்டரை இரும்பு பீரோவின் பின்னோ தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னோ மறைத்து வைக்கும் வழக்கம் மிகுந்திருக்கிறது. இதனினும் பொருந்தா இடம் காண்பதரிது. உலோகம் அலைகளைத் திருப்பிவிடும். நீர் அவற்றை உறிஞ்சும். வீட்டின் நடுப்பகுதியில், ஆளுயரத்தில், திறந்த இடமே ஏற்றது. அலையின் வலிமையைக் கைப்பேசிச் செயலிகள் டிபிஎம் அளவில் காட்டும். −50 மிக நன்று; −67 அளவில் காணொலி வகுப்பு தடையின்றி நடைபெறும்; −80-க்குக் கீழே தொடர்பு நிலைப்பதரிது. −70 என்பது −50-இன் நூற்றில் ஒரு பங்கு வலிமையே என்பது கவனிக்கற்பாலது.

மின்சாரம் ஒரு கணம் அற்று வந்தாலும் ரூட்டர் மீண்டும் ஆயத்தமாகச் சில நிமிடங்கள் ஆகும். இதனையே இணையத் தடையென்று கொள்வோர் பலர். சிறிய மின்கலச் சேமிப்புக் கருவி ஒன்று இக்குறையை நீக்கும்.

இவற்றாலும் தெளிவு பிறக்காதவிடத்து, தடை நேரும் நாளையும் நேரத்தையும் ஒரு வார காலம் குறிப்பேட்டில் எழுதிவருதல் வேண்டும். அவ்வேளைகளில் எரிந்த விளக்குகள் யாவை, லேன் கம்பியிலும் தடை இருந்ததா என்பனவற்றையும் உடன் குறித்தல் நலம். சேவை நிறுவனத்தாரிடம் முறையிடும்போது இக்குறிப்பை முன்வைத்தால், “கைப்பேசியிலேதான் கோளாறு” என்று அவர்கள் எளிதில் தட்டிக்கழித்தல் இயலாது.