ஆடல் பயிற்றும் கலை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில், கேளம்பாக்கத்திற்கு வடக்கே படூர் அமைந்துள்ளது. அவ்வூரார் தெற்கு நோக்கிச் சென்றால் மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணலாம். வடக்கு நோக்கிச் சென்றால் திருவான்மியூரில் கலாக்ஷேத்திரா என்னும் நாட்டியப் பள்ளியைக் காணலாம். சிற்பி கல்லின் இயல்பை அறிந்த பின்னரே உளியைக் கையில் எடுப்பான். அறியாது எடுத்தால் கல் உடைந்துவிடும். ஆடல் பயிற்றும் ஆசிரியரும் அத்தகையவரே. மாணவர் எவ்வாறு கற்கின்றார் என்பதை அறியாது பயிற்றினால், உடைவது கல் அன்று. ஓர் இளம் உள்ளம்.

படூரில் ஒரு நாட்டிய வகுப்பு நடைபெறுவதாக எண்ணிக்கொள்வோம். மாணவியர் மூவர் அரைமண்டியில் நிற்கின்றனர். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி, முதுகை நிமிர்த்தி நிற்கும் நிலையே அரைமண்டி. அவர்கள் கற்பது தட்டடவு. பரதநாட்டியம் பயில்வோர் முதலில் கற்கும் அடவு அது. ஆசிரியர் தட்டுக்கழியால் மனையைத் தட்டி, ‘தெய்யா தெய்’ என்று சொல்கின்றார். ஒருத்தி சொல்லைக் கேட்டவுடன் தாளம் தவறாது அடி வைக்கின்றாள். ஆனால் அவள் முதுகு வளைகின்றது. மற்றொருத்தி ஆசிரியரின் நிலையைப் பார்த்து அவ்வாறே அழகாக நிற்கின்றாள். ஆனால் தாளத்திற்குப் பிந்துகின்றாள். மூன்றாமவளுக்குக் கேட்டதும் நிற்கவில்லை, பார்த்ததும் நிற்கவில்லை. நூறு முறை ஆடிய பின்னர்த்தான் அடவு அவள் கால்களில் படிகின்றது.

இம்மூவருள் எவளுக்கு ஆடல் வராது? எவளைக் குறித்தும் அவ்வாறு கூற இயலாது. தடை நிற்கும் இடந்தான் வேறு.

இத்தடையை நீக்கும் வழிகள் நம் நாட்டிய மரபிலேயே உள்ளன. சொற்கட்டு செவிக்கு உரியது. ஆசிரியர் ஆடிக் காட்டுவது கண்ணுக்கு உரியது. முதற்காலத்தில் மெல்ல ஆடி, இரண்டாம் காலத்தில் இருமடங்கு விரைவிலும், மூன்றாம் காலத்தில் நான்மடங்கு விரைவிலும் ஆடிப் பழகுவது உடலுக்கு உரியது. ஒரே அடவு மூன்று வாயில்கள் வழியே உள்ளே நுழைகின்றது. முதுகு வளைபவளைக் கண்ணாடியின் முன் நிறுத்தலாம். தாளத்திற்குப் பிந்துபவளை அமரச் செய்து, கையால் தாளமிட்டுச் சொற்கட்டை வாய்விட்டுச் சொல்லச் செய்யலாம். மெல்லப் பழகுபவளுக்கோ வேண்டுவது காலமும் பொறுமையுமே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘இவள் கண்ணால் கற்பவள், அவள் செவியால் கற்பவள்’ என்று மாணவரை நிலையாகப் பிரித்து, அவ்வொரு வழியிலேயே கற்பிக்க வேண்டும் எனச் சிலர் கருதுவர். அவ்வாறு பிரிப்பதால் கல்வி சிறக்கின்றது என்பதற்குத் தக்க சான்று இல்லை என ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். பல வழிகளிலும் கற்பது எல்லோருக்குமே நலம் தருவது. தாளம் தவறுபவளுக்குச் செவிப் பயிற்சி மிகுதியாக வேண்டுமேயன்றி, அவளைச் செவியிலிருந்து விலக்குதல் கூடாது.

கற்பவரின் இயல்பு அறிந்து கற்பித்தல் நமக்குப் புதிதன்று. மாணவர் கொள்ளும் வகையை அறிந்து, அவர் உள்ளம் கொள்ளுமாறு ஆசிரியர் நூலைக் கற்பிக்க வேண்டும் என்று பவணந்தியார் நன்னூலில் விதித்துள்ளார். மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டுகள் ஆடல் பயின்றே அரங்கேறினாள் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. ஆயினும் அதுவே எல்லோர்க்கும் உரிய அளவு அன்று. பாலசரசுவதி அம்மையார் கந்தப்பப் பிள்ளையிடம் இளமையிலேயே பயின்று, 1925 ஆம் ஆண்டில் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். 1904 ஆம் ஆண்டில் பிறந்த உருக்மிணி தேவியாரோ, முதலில் மேலைநாட்டு நடனமாகிய பாலேயைக் கற்றவர். முப்பதாம் வயதை ஒட்டிய பருவத்திலேயே பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றார். 1935 ஆம் ஆண்டு அடையாற்றில் ஆடினார். அடுத்த ஆண்டிலேயே கலாக்ஷேத்திராவை நிறுவினார். வயது கடந்துவிட்டது என்று ஆசிரியர் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால், அப்பள்ளி தோன்றியிருக்குமா?

ஒரு வாயில் முற்றிலும் அடைபட்டவர் நிலை யாது? செவிப்புலன் இல்லாதார் ஆடல் கற்க இயலுமா? 2004 ஆம் ஆண்டு ஏதென்சு நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக் விளையாட்டின் நிறைவு விழாவில், சீன நாட்டுக் குழு ஒன்று ஆயிரங்கை போதிசத்துவர் நடனத்தை ஆடியது. ஆடியவர் அனைவரும் செவித்திறன் அற்றவர்கள். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்று, ஓருருவத்திற்கே பல கைகள் முளைத்தாற்போல் அவர்கள் ஆடினர். இசையைக் கேளாத அவர்களுக்கு, அரங்கின் மூலைகளில் நின்ற ஆசிரியர்கள் கைச்சைகையால் தாளத்தை உணர்த்தினர். செவி செய்ய வேண்டிய தொழிலைக் கண் ஏற்றுக்கொண்டது. பார்வையற்ற மாணவருக்கும் இவ்வாறே வழி உண்டு. ஆசிரியரின் கையைத் தொட்டு முத்திரையை அவர் அறியலாம். அவர் விரல்களை ஆசிரியர் பிடித்துத் திருத்தலாம்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. சுதா சந்திரன் என்னும் நாட்டியக் கலைஞர் 1981 ஆம் ஆண்டு நேர்ந்த விபத்தினால் வலக்காலை இழந்தார். செயற்கையான செய்ப்பூர்க் கால் பொருத்திக்கொண்டு, நிற்கவும் நடக்கவும் மீண்டும் பழகி, 1984 இல் மேடையேறி ஆடினார். முன்பு அறிந்திருந்த ஆடலையே புதிய காலுக்கு ஏற்பப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கலை மாறவில்லை, கற்கும் வழிதான் மாறியது.

‘உனக்கு ஆடல் வராது’ என்று ஒரு நொடியில் கூறிவிடலாம். அச்சொல்லைக் கேட்ட சிறுமி, தன் வாழ்நாள் முழுவதும் மீண்டும் சலங்கை கட்டாது போகலாம். ‘இவ்வழியில் வரவில்லை, வேறு வழியில் முயல்வோம்’ என்று கூறுவதற்கோ அறிவும் அன்பும் வேண்டும். அதுவே நல்லாசிரியர் மொழி. கணக்கில் இடர்ப்படும் தோழனுக்கும், செய்யுளில் தடுமாறும் தோழிக்கும் நாம் உதவும்போது அம்மொழியையே பேசுவோமாக.