நீச்சல் குளமும் விளையாட்டுத் திடலும்: பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

கோடை விடுமுறை தொடங்கியதும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பிள்ளைகளின் கூட்டம் இரண்டு இடங்களில் பெருகும். ஒன்று பூங்காக்களிலுள்ள விளையாட்டுத் திடல். மற்றொன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் விடுதிகளிலும் உள்ள நீச்சல் குளம். இரண்டுமே குழந்தையின் உடலுக்கும் மனத்திற்கும் நன்மை தருபவை. ஆகவே, "அங்கே போகாதே" என்று தடுப்பது தீர்வாகாது. அந்த இடம் பாதுகாப்பானதா என்று பார்த்தறியப் பெற்றோர் கற்றுக்கொள்வதே தேவை.

விதிகள் தோன்றிய விதம்

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னை கே.கே.நகரில் ஒரு பள்ளியின் நீச்சல் குளத்தில் நான்காம் வகுப்பு மாணவர் ஒருவர் மூழ்கி உயிரிழந்தார். அதன் பின்னர், 2015ஆம் ஆண்டில், சென்னை மாநகராட்சிப் பகுதியில் நீச்சல் குளம் நடத்துவோர் உரிமம் பெற வேண்டும் என்னும் விதிகள் வந்தன. 2024 செப்டம்பரில், ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருவின் மல்லேஸ்வரத்தில், விளையாட்டு மைதானத்தின் இரும்பு வாயிற்கதவு சாய்ந்து விழுந்து ஒரு பள்ளிச் சிறுவன் இறந்தான்.

பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் இத்தகைய இழப்புகளுக்குப் பிறகே எழுதப்படுகின்றன. அவை ஊருக்கு ஊர், மாநிலத்திற்கு மாநிலம் மாறுபடும். வார நாள்களில் ஓசூரிலும் விடுமுறை நாளில் கர்நாடக விடுதியிலும் குழந்தையை நீந்த விடும் குடும்பங்கள் இங்கு ஏராளம். எனவே, விதியின் எண்ணைவிட விதியின் காரணத்தை அறிந்திருப்பதே பெற்றோருக்குப் பயன் தரும். காரணம் தெரிந்தால், எந்த ஊரிலும் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

நீச்சல் குளத்தில் கவனிக்க வேண்டியவை

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தை.

வேலி: குளத்தின் நான்கு பக்கமும் குறைந்தது 4 அடி உயர வேலியும், தானாக மூடிக்கொள்ளும் கதவும் இருக்க வேண்டும். நீந்த வந்த குழந்தைக்கு மட்டும் ஆபத்து என்று எண்ணலாகாது. பந்தைத் தேடி வந்த இரண்டு வயதுக் குழந்தைக்கும் அதே ஆபத்து உண்டு.

கண்காணிப்பு: மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை, கையசைத்து அழைப்பதுமில்லை. மூச்சுக்குத் தவிக்கும்போது குரல் எழாது. ஒரு நிமிடத்திற்குள் ஓசையின்றி மூழ்கிவிடும். ஆதலால்தான் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் வேண்டும் என்கிறோம். அவர் நீரைப் பார்ப்பதை மட்டுமே பணியாகக் கொண்டிருக்க வேண்டும். உயிர்காப்பாளர் இருந்தாலும், சிறு குழந்தையின் கைக்கெட்டும் தொலைவில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். ஷிப்டு வேலைக்குச் செல்லும் பெற்றோர், பத்து வயது அக்காவிடம் தம்பியை ஒப்படைத்துக் குளத்திற்கு அனுப்புதல் கூடாது.

ஆழம்: ஆழத்தின் அளவு குளத்தின் விளிம்பில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆழமற்ற பகுதியில் தலைகீழாகக் குதித்தால் கழுத்தெலும்பு முறிந்து, தண்டுவடம் சிதைந்து, கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும்.

வடிகால் மூடி: அடித்தளத்தில் நீரை உறிஞ்சும் துளையின் மூடி உடைந்திருந்தால், அது குழந்தையின் முடியையோ உடலையோ இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இத்தகைய விபத்து ஒன்றுக்குப் பிறகு, அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டில் பாதுகாப்பான வடிகால் மூடியைக் கட்டாயமாக்கித் தனிச்சட்டமே இயற்றினர்.

மின்சாரம்: நீருக்கடியிலுள்ள விளக்குகளும் மோட்டாரும் முறையாக நிலத்தொடர்பு செய்யப்பட்டுள்ளனவா, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி உள்ளதா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள்.

நீரின் தூய்மை: அடித்தளம் தெளிவாகத் தெரியாத குளத்தில் இறங்க வேண்டா. மூழ்கிய குழந்தையும் அங்கே கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பல கிருமிகளைக் கொல்லும். ஆயினும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி, வழக்கமான அளவு குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்திற்கு மேல் உயிர்வாழும். வயிற்றுப்போக்குள்ள குழந்தையைக் குளத்தில் இறக்காமலிருப்பது பிற குழந்தைகளுக்கு நாம் செய்யும் கடமை.

வேலியும் காவலும் அற்ற நீர்நிலைகள் வேறு. நீர் தேங்கிய கல்குவாரிப் பள்ளங்கள், கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, தென்பெண்ணை ஆற்றின் மடுக்கள் ஆகியவற்றில் குழந்தைகளை நீந்த விடுதல் அறவே கூடாது.

விளையாட்டுத் திடலில் கவனிக்க வேண்டியவை

திடலில் நேரும் காயங்களுக்கு முதற்காரணம் விழுதல். ஆகவே, ஊஞ்சலின் அழகைப் பார்ப்பதற்கு முன் அதன் கீழுள்ள தரையைப் பாருங்கள். சிமெண்டுத் தரையும் ஓடு பதித்த தரையும் தலைக்காயத்தின் கடுமையைக் கூட்டும். தளர்வான மணலோ ரப்பர் விரிப்போ நல்லது. கருவியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடி வெற்றிடம் வேண்டும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு கூறுகிறது. கம்பிகளுக்கிடையே 3.5 அங்குலத்திற்கு மேல் 9 அங்குலத்திற்குள் உள்ள இடைவெளி ஆபத்தானது என்றும் அது குறிப்பிடுகிறது. அவ்வளவு இடைவெளியில் உடல் நுழைந்துவிடும், தலை சிக்கிக்கொள்ளும்.

துருப்பிடித்த சங்கிலி, ஆடும் தூண், சாய்ந்த வாயிற்கதவு ஆகியவற்றைக் கண்டால் குழந்தையை விலக்குங்கள். கழுத்தில் துப்பட்டாவோ கயிறோ இருக்கும்போது சறுக்குமரத்தில் ஏற விட வேண்டா. கிருஷ்ணகிரியின் சித்திரை வெயிலில் இரும்புச் சறுக்குமரம் தோலைச் சுட்டுவிடும். முதலில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள்.

கையை ஊன்றி விழும் குழந்தைக்கு முழங்கையின் சற்று மேலே எலும்பு முறிவது வழக்கம். அதனருகே முக்கியமான இரத்தக்குழாயும் நரம்புகளும் செல்கின்றன. எண்ணெய் தேய்த்து நீவுவதும், புத்தூர்க் கட்டு முதலிய இறுக்கமான கட்டுகளைப் போடுவதும் இரத்தவோட்டத்தைத் தடுத்து, கையை நிரந்தரமாக முடக்கிவிடலாம். வீங்கிய கையை அசையாமல் தாங்கிப் பிடித்து உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். தலையில் அடிபட்ட குழந்தை மீண்டும் மீண்டும் வாந்தியெடுத்தாலோ, வழக்கத்திற்கு மாறாக உறங்கினாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

முதல் சில நிமிடங்கள்

மூளைக்கு உயிர்வளி கிடைக்காத நிலை சில நிமிடங்கள் நீடித்தாலே நிரந்தரச் சேதம் தொடங்கும். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் அருகிலிருப்பவர் செய்வதே குழந்தையைக் காக்கும்.

1. நீச்சல் தெரியாதவர் குதிக்க வேண்டா. கயிறு, சேலை, கழி ஆகியவற்றுள் ஒன்றை நீட்டி இழுங்கள்.

2. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. அவை நேரத்தை வீணாக்கும். உண்ட உணவை நுரையீரலுக்குள் தள்ளும்.

3. மூச்சில்லை எனில் குழந்தையை மல்லாத்திக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, முதலில் இரண்டு முதல் ஐந்து முறை வாய்வழியே மூச்சு ஊதுங்கள். பின்னர் மார்பின் நடுவே, மார்பின் கனத்தில் மூன்றிலொரு பங்கு அமிழும்படி, நிமிடத்திற்கு 100 முதல் 120 வரையிலான வேகத்தில் 30 முறை அழுத்துங்கள். அடுத்து 2 முறை மூச்சு ஊதுங்கள். உதவி வரும்வரை இதையே தொடருங்கள்.

4. அதே வேளையில் வேறொருவர் 108ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இதே எண்தான்.

5. குழந்தை விழித்து நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் கடுமையாகலாம்.

நம் பங்கு

ஓசூர் 2019ஆம் ஆண்டில் மாநகராட்சியாயிற்று. தொழிற்சாலைகளை நாடிப் பல மாநிலத்தவர் இங்குக் குடியேறியுள்ளனர். எச்சரிக்கைப் பலகைகள் தமிழோடு கன்னடம், தெலுங்கு, இந்தி ஆகிய மொழிகளிலும் படங்களுடனும் அமைந்தால்தான் எல்லாக் குழந்தைகளையும் காக்கும். குடியிருப்போர் சங்கங்கள் தத்தம் குளத்தின் வேலி, வடிகால் மூடி, மின்னிணைப்பு ஆகியவற்றைக் கோடைக்கு முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும்.

பூங்காவில் உடைந்த ஊஞ்சலைக் கண்டால் படமெடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ எழுத்தில் தெரிவியுங்கள். 1100 என்னும் முதல்வரின் உதவி எண்ணிலும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் முறையிடலாம். மற்றொரு குழந்தை அதில் ஏறுவதற்குள் நீங்கள் தெரிவிப்பது நல்லது.